இருபத்தாறு ஆண்டுகள் என்னை மறுத்த கெர்மோன்

மேடையில் வீற்றிருக்கும் ஆயரின் பிரதிநிதி அவர்களே, பேராலயக் குருக்களே, தர்க்கப் பள்ளி ஆசிரியர்களே, அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒப்ரே அம்மையாரே, பாரிசின் மாணவர்களே!

ஆசிரியர் கெர்மோன் மறைந்துவிட்டார். இருபத்தாறு ஆண்டுகள் அவரோடு சண்டையிட்டவன் நான். அவருக்கு இரங்கல் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் யார்?

தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவனில் மூவரும் உண்மையிலேயே வேறு வேறு என்று அழுத்திச் சொன்னவர் அவர். இயல்பு ஒன்றே என்று அழுத்தியவன் நான். ஒருநாள் மதுக்கடையில், “பீப்பாய் ஒண்ணு, குவளை மூணு. ஆனா மது ஒண்ணுதான்!” என்றேன். அவர் என்ன செய்தார்? தம் குவளையைக் குடித்தார். என்னுடையதைக் குடித்தார். பக்கத்தில் இருந்த செருப்புத் தைப்பவருடையதையும் குடித்தார்!

“யோவ், அது என்னோடதுய்யா!” என்று நான் கத்தினேன்.

“எல்லாம் ஒண்ணுதானே ஒடார்? அப்போ உன் தாகமும் தீந்திருக்கணுமே!”

கடையே சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்: அந்தக் கோபத்தில், ‘மூன்று தெய்வம் என்கிறார்’ என்று அவர் நூலின்மேல் திருச்சபை மன்றத்தில் புகார் கொடுத்தேன்.

குற்றம் உறுதியானால் தம் நூலைத் தாமே நெருப்பில் போட வேண்டும். முற்றத்தில் விறகு தயார். பதினோரு ஆண்டு உழைப்பை மார்போடு அணைத்தபடி நின்றார் கெர்மோன். தலைமை வகித்த மடாதிபதி கனைத்தார். “இதுல என்னய்யா குழப்பம்? அப்பா மூத்தவரு, மகன் அப்புறம் பொறந்தவரு. எல்லா வீட்லயும் அப்படித்தானே?”

“தப்பு!”

இரண்டு குரல்கள். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது!

“காலமே இல்லாதப்ப மூத்தவர் ஏது சாமி?” என்று அவர் தொடங்க, “இது சபை எப்பவோ தள்ளுன கொள்கையாச்சே!” என்று நான் பிடித்துக்கொண்டேன். மாலை மணி அடிக்கும்வரை விடவில்லை. மடாதிபதி வியர்த்துப்போய், “மொதல்ல இந்த ரெண்டு பேரையும் வெளிய தள்ளுங்க!” என்று கத்தினார். தள்ளினார்கள். நூலும் எங்களோடு வெளியே வந்துவிட்டது!

வாசலில் மன்னிப்புக் கேட்டேன். “அது கிடக்கட்டும். உன் ரெண்டாவது வாதம் ஓட்டை. வா, நடந்துக்கிட்டே சொல்றேன்” என்றார். அப்படி ஒரு மனிதர் இனி எங்கே கிடைப்பார்?

அன்பர்களே, அடக்கம் முடிந்து வகுப்புக்குப் போனேன். ‘இயல்பு ஒன்றே’ என்றேன். நாற்பது மாணவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை! அப்போதுதான் அழுதேன்.

ஆகவே உங்கள் முன் உறுதி கூறுகிறேன்: வாரத்தில் மூன்று நாள் அவர் நூலைக் கையில் ஏந்தி, அவர் கட்சியை நானே பேசுவேன். என்னை நானே மறுப்பேன். தோற்கவும் தயார்!