பக்கிரிசாமியின் கயிற்றை அவிழ்த்த டாக்டர் பிலோமினா அம்மையார்க்குப் பாராட்டு மடல்

குடலுக்குள் குழாய் செலுத்திக் குற்றமின்மையைக் கொண்டுவந்த குணக்குன்றே! கணையத்தின் கண்ணீர் கண்ட கருணைக் கடலே! கிள்ளான் ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் வயிறுள்ள அனைவரும் வணங்கும் டாக்டர் பிலோமினா அம்மையீர்!

இன்று ஓய்வு பெறும் தங்களின் இருபத்தெட்டு ஆண்டுப் பணியை எடுத்துரைக்க இம்மண்டபம் போதாது, சாப்பாடும் ஆறிவிடும். ஆகவே ஒரே ஒருவர் கதையை, வயிறு எரிந்தபடியே, சபை முன் வைக்கிறோம்.

செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டும் பக்கிரிசாமியார் மதுவைத் தொட்டவரல்லர். இருமல் மருந்தையும் மோந்து பார்த்தே குடிப்பவர். பழுத்த டுரியான் கடையைக் கடக்கையில், போதை ஏறிவிடுமோ என்று லோரிக் கண்ணாடியை ஏற்றிவிடுபவர். அவருக்கு வந்ததோ குடிப்பவர்களுக்கு அதிகம் வரும் கணைய அழற்சி. முதலில் போன மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்?" குடிப்பதே இல்லை என்றார். குடிப்பவரெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் காரணம் தெரியவில்லை. தெரியாத இடத்தைச் சாராயம் ஊற்றி நிரப்பிவிட்டார்கள். என்ன அநியாயம் இது! தமிழன் வயிறு வலித்தால் அதற்கும் ஒரு காரணம் தேட வேண்டாமா? பெயரைப் பார்த்தே நோயைச் சொல்ல எந்தக் கல்லூரியில் கற்பிக்கிறார்கள்?

மனைவி லெட்சுமியார் போத்தல் தேடி அரிசித் தொட்டியைக் கவிழ்த்தார். தைலக் குப்பி வரை மோந்தார். ஒன்றும் அகப்படாததால், கணவர் மகா கெட்டிக்காரர் என்று முடிவுகட்டி, பிரிக்பீல்ட்ஸிலுள்ள அண்ணன் லோகன் வீட்டுக்குப் போய்விட்டார். லோகனார் பியர் மணக்க மணக்க வந்து அறிவுரை வழங்கினார்: "மாப்ள, ஒத்துக்கிட்டு அம்மன் கோயில்ல கயிறு கட்டிரு லா. அவ வந்துருவா."

மனைவி திரும்ப வேண்டுமே! குடியாத குடியை விட்டுவிடுவதாகப் பக்கிரிசாமியார் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். லெட்சுமியார் வந்தார். அடுத்த மாதமே வலியும் வந்தது. இப்போது அவர் குடிகாரர் மட்டுமல்லர், சத்தியம் மீறியவரும்கூட. லெட்சுமியார் மறுபடி பெட்டி கட்டினார்.

அந்நிலையில்தான் பக்கிரிசாமியார் தங்களிடம் வந்தார், அம்மையீர். அவர் சொன்ன "இல்லை"யை இல்லை என்றே கேட்ட முதல் காது தங்களுடையது. வீக்கம் தணியும்வரை காத்திருந்து, நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய்வழியே இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் செலுத்தி, உள்ளிருந்தே பார்த்தீர்கள். மேலிருந்து பார்த்த ஸ்கேனுக்குத் தப்பிய கற்கள், ரவை ரவையாய்ப் பித்தப்பையில் பதுங்கியிருந்தன. அவைதாம் அவ்வப்போது நழுவி வந்து கணையத்தின் வாயை அடைத்தன. லெட்சுமியாரை வரவழைத்துப் படத்தைக் காட்டினீர்கள்: "உங்க வீட்டுக்காரர் ஒளிச்சு வெச்ச போத்தல் இதுதாம்மா."

பித்தப்பையை எடுத்தபின் வலி எட்டிப்பார்க்கவில்லை. லெட்சுமியார் வீடு திரும்பினார், அண்ணனையும் இழுத்துக்கொண்டு. அதே அம்மன் சன்னதியில் கணவர் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து, அண்ணன் கையில் கட்டினார். "ஆள் மாறிப் போச்சுண்ணே," என்றார்.

அம்மையீர், பித்தமும் கணையமும் பிணங்காமல், பல்லும் சொல்லும் தளராமல் தாங்கள் பல்லாண்டு வாழ்க! தங்கள் நாற்காலியில் இனி அமர்பவரின் தலைக்கு நேர் மேலே இம்மடலைச் சட்டமிட்டு மாட்டுவோம். உள்ளே பார்க்காமலே 'குடி' என்று எழுத அவர் பேனாவை எடுத்தால், ஆணி தளர்வாகத்தான் அடிக்கப்பட்டிருக்கிறது.

என்றும் தங்கள் அன்பில்,
எண்டோஸ்கோப்பிப் பிரிவுப் பணியாளர்கள்,
கிள்ளான்.