கண்ணில் படுவதைச் சொல்

— ஊருப் பேர மட்டும் ஒப்பிச்சா ஆகாதுங்க. அது தூக்கத்துலகூட வரிசையா வரும். இன்னைக்கி கண்ணுல என்ன படுதோ அதச் சொல்லுங்க.

— அட, இம்புட்டுச் சட்டமா பானு? என் காதுல போன மாட்டிவிட்டு, வீட்ல உக்காந்தே மில்லு பஸ்ஸ ஓட்டுற. சரி, தாடிக்கொம்பு தாண்டிட்டேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. முன்னால ஒரு பூ வேன் போகுது. போதுமா?

— போதாது. ரெண்டு நாளாப் படுக்காத மனுசனுக்கு வெயில்தான் தாலாட்டு. மாத்து டிரைவரு வரலைன்னா, முடியாதுன்னு சொல்லிருக்க வேணாமா?

— சொன்னேனே. "இந்தப் பிள்ளைகள மட்டும் வீட்ல எறக்கிவிட்டுட்டுப் போய்ப் படு"ன்னாரு சூப்பர்வைசரு.

— ஸ்ரீமதியும் மத்த பிள்ளைகளும் என்ன செய்யுதுக?

— நைட் ஷிப்ட் முடிச்சதுக என்ன செய்யும்? முப்பதும் தலை தொங்கிக் கெடக்கு. முடி பூராம் பஞ்சு. கண்ணாடியில பாத்தா, நரைச்ச கெழவிகள எங்கயோ கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு.

— பேச்ச அப்படி எடுக்காதீங்க. ஓரமா நிறுத்திட்டு செத்த நேரம் கண்ணசருங்க.

— சின்னாளபட்டி இந்தா வந்துரும். இந்த ரோட்டுல உன் புருசன் தங்கமுத்து கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவான்டி.

— வாயக் கழுவுங்க! என்ன படுது, சொல்லுங்க.

— ம்... ஒரு பெரியவரு. சைக்கிள்ல கொய்யாப்பழ மூட்டை. கயிறு அவுந்து பழமெல்லாம் ரோட்டுல உருளுது. குனிஞ்சு பொறுக்குறாரு.

— என்னங்க... அது நேத்து சொன்னது.

— இன்னைக்கும் பொறுக்குறாரு.

— என் தலை மேல சத்தியம், ஓரங்கட்டுங்க! இப்பவே!

— சரி சரி. நிறுத்திட்டேன்.

— நெசமாவா?

— நெசமா. பிள்ளைகளும் எறங்கிருச்சுக. ஒவ்வொண்ணா, சத்தமே இல்லாம.

— அதுக்குள்ளயா? எஞ்சின் சத்தம் இன்னும் கேக்குதேங்க.

— அது நீ மிக்சி போட்ருக்க. என்ன வெஞ்சனம் இன்னைக்கி?

— நான் வாசல்ல நிக்கிறேங்க. இங்க பஸ்ஸு இல்ல, நீங்களும் இல்ல. அங்க யாரோ ஹாரன் அடிக்கிறாக, விடாம அடிக்கிறாக... கண்ணத் தொறங்க! ஏ ஸ்ரீமதி! அடியே, பஸ்ஸுக்குள்ள ஒருத்தியாச்சும் முழிங்கடி!

— கத்தாத பானு. இப்பத்தான் பாய விரிச்சுப் படுத்தேன்.