மஞ்சள் லைட்டு

“மங்கலா இருந்தாலும் பரவால்ல, கார் லைட்டு மஞ்சளாதான்ணா இருக்கணும்.”

ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் என் முன் சீட்டு இளைஞர் சொன்னார். பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார்.

“பனியில ரோடே தெரியலன்னு நீதானப்பா சொன்ன? பழைய வண்டிதான, வெள்ளை எல்இடி போட்டுக்க.”

“வேணாம்ணா. பாப்பா தளி ஊர்ல அவங்கம்மாவோட இருக்குது. சனிக்கிழமை சாயந்திரமானா நான் வருவேன்னு கேட்டுலயே நிக்கும். எல்லா வண்டியும் வெள்ளையா வருது. மஞ்சளா வந்தா அப்பான்னு ஓடியாரும்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்பப் பல்பை மாத்தாத. லைட்டுக் கண்ணாடிய பாலிஷ் பண்ணு. பேட்டரியிலருந்து நேரா கரண்டு வர்ற மாதிரி ரிலே வச்சு வயர் மட்டும் புதுசா இழு. செலவு கம்மி. அதே மஞ்சள்தான், ஆனா பளிச்சுனு எரியும்.”

“அப்ப இன்னும் தூரத்துலயே பாப்பாவுக்குத் தெரியுமாண்ணா?”