தூங்கிப்போகும் ஆப்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறும்போதே அந்தப் பெண் கொதித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை. கூட வந்தவர் கொஞ்சம் மூத்தவர். அவர் கழுத்திலும் அதே அட்டை. எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"தூங்கிப்போற சர்வீஸைப் போய் யாராச்சும் எடுப்பாங்களா அண்ணே?"

போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"பழைய சர்வரை விட்டு மாறணும்னு மூணு கிளவுட் சர்வீஸ் பாத்தோம். இதுதான் மலிவு. யாரும் ஆப்பைத் தொடலைன்னா தூங்கிடும், தொட்டா முழிச்சுக்கும். முழிக்க ஒரு நிமிஷம்தான் லா."

"நம்ம ஆப் என்ன, சாப்பாடு ஆர்டர் பண்றதுக்கா? துவாஸ்ல வேலையாளுங்க தங்குற டார்மிட்டரில ஒருத்தனுக்கு மூச்சு முட்டினா நர்ஸைக் கூப்பிடுற பட்டன் அது."

"அதை எப்பவாச்சும்தானம்மா அமுக்கப் போறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். எப்பவாச்சும் அமுக்கினா, அமுக்குறப்பல்லாம் அது தூங்கிட்டுத்தான் இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பாஸ் ஓகே சொல்லிட்டாரு. இனி எதுக்கு டென்ஷன்?"

"சரி. அந்த ஒரு நிமிஷம் நீங்க மூச்சை அடக்கிட்டு உக்காருங்க. நான் டைம் பாக்குறேன்."

அவர் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை, போனில் ஓடும் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு நின்றது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. அடுத்த நிலையமான ஃபேரர் பார்க் வருமுன்னே வாயைத் திறந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார்.

"ஆப் இன்னும் முழிக்கல அண்ணே," என்றாள்.