ரோலரின் அந்தப் பக்கம்

— தொடாதடி, கணுக்கால் தெறிக்குது. தள்ளி நின்னு பாரு.

— வீங்கியிருக்கேக்கா. நேத்து இப்படி இல்லையே.

— நேத்தும் இப்படித்தான். நீ பாக்கல. காலையில என் செருப்புக்குள்ள கால் நுழையவே இல்ல. எங்க வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டு வந்திருக்கேன், பாரு. அவர்தான் படுக்கையை விட்டு எழுந்திருக்கறதே இல்லையே, அவருக்கு எதுக்குச் செருப்பு.

— இன்னைக்கு நீங்க உக்காருங்கக்கா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.

— உக்காந்தா அப்புறம் எழுந்திருக்க மாட்டேன். சொல்றேன் கேளு, துணி தேய்க்கற ரோலர் சூடாக இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் இந்தப் பெரிய பெட்ஷீட்டையெல்லாம் கையாலயே மடிச்சுடுவோம், வா. மூலையைப் பிடி. உதறு. இந்த ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்க குணமாகிப் போறாங்களோ இல்லையோ, பெட்ஷீட் மட்டும் தினம் மலை மாதிரி வந்து குவியுது.

— நீங்க நடக்காதீங்கக்கா. அங்கயே நில்லுங்க, மூலையைக் கொண்டுவந்து நான் சேக்கறேன்.

— என்னடி, டிரைவரம்மாவுக்கு இன்னைக்கு என் மேல பாசம் பொங்கி வழியுது? நாளைக்கு டெஸ்ட்டுன்னு உள்ளுக்குள்ள படபடன்னு இருக்கா?

— இல்லக்கா. அது வந்து… அதெல்லாம் இல்ல.

— இருக்கும்டி, இருக்கணும். பஸ்ஸு ஓட்டறதுன்னா சும்மாவா. இந்த லாண்டரியில இத்தனை பேர் வேலை செய்யறோம், ஸ்டியரிங்கைத் தொட்ட கை உன் கை ஒண்ணுதான். அந்தக் கையால இந்தப் பெட்ஷீட்டையும் கொஞ்சம் நேரா பிடிச்சீங்கன்னா நல்லா இருக்கும், டிரைவரம்மா.

— பிடிச்சுட்டேன்க்கா.

— சாயங்காலம் வீட்டுக்குள்ள கால் வச்சதும் அவர் முதல்ல என்ன கேப்பார் தெரியுமா? சாப்பிட்டியான்னு இல்ல, கால் எப்படி இருக்குன்னு இல்ல. ‘டிரைவரம்மா என்ன ஓட்டினாளாம்?’ அவ்வளவுதான். நீ இங்க வந்து சொல்றதையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிக்கணும். ரிவர்ஸ்ல வந்து ரெண்டு டிரம்முக்கு நடுவுல இடிக்காம நிறுத்தினியே, அதை மட்டும் எத்தனை தடவை சொல்லச் சொன்னார்ங்கற.

— அதையெல்லாமா அவர்கிட்ட சொன்னீங்க?

— பின்ன? லாரியில லோடுமேனாப் போன மனுஷன். டிரைவர் பக்கத்துல உக்காந்தே பாதி வயசு போச்சு, ஒரு நாள் ஓட்டிப் பாருன்னு ஒருத்தன் சொல்லல. இப்ப முதுகு போய்ப் படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உன் பஸ்ஸுலதான் ஊர் சுத்தறார். ஒரு சந்தேகம் கேட்டுட்டு வரச் சொன்னார். மேட்டுல நிறுத்தின வண்டியை எப்படி எடுப்ப?

— மேட்டுலயா? அது வந்து… பிரேக்கை விட்டுட்டு, மெல்ல கிளட்சை விட்டு…

— பிரேக்கை முதல்ல விட்டா வண்டி பின்னால உருளாதா?

— இல்லக்கா. மாஸ்டர் அப்படித்தான் சொல்லித் தந்தார்.

— அவர் வேற மாதிரி சொன்னாரே. கிளட்சைப் பாதி விடணுமாம், இஞ்சின் சத்தம் கனத்து வரும்போதுதான் ஹேண்ட் பிரேக்கை எடுக்கணுமாம். என்னத்தச் சொல்ல, அவர் காலத்து வண்டி வேற, உன் வண்டி வேறயா இருக்கும். ம், மடி. அடுத்ததை எடு.

— அக்கா, நேத்து கடைசி மணி நேரத்துல, நான் பஸ் பழகப் போனப்புறம் நீங்க ரோலர்ல தனியா நிக்கறப்ப, சூப்பர்வைசர் வாட்சைக் கையில வச்சுக்கிட்டு உங்க பக்கத்துலயே நின்னாராமே.

— நின்னார்.

— ஒரு ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா. எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல பாதி நாள் வேலை கிடையாது. என் சம்பளம்தான் சோறு.

— உனக்கென்னடி பயம்? பயப்பட வேண்டியவ நான். இந்தக் காலை வச்சுக்கிட்டு வேற எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? அந்தப் பேச்சை விடு. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?

— கிளம்பறோமா?

— நானும்தான் வர்றேன். லீவு சொல்லியாச்சு. நீ ஏறி உக்கார்றதுலேர்ந்து இறங்கற வரைக்கும் என் கண்ணால பாத்து வந்து சொல்லணுமாம், வீட்டுல உத்தரவு.

— வேண்டாங்கக்கா.

— ஏன்?

— கால் இப்படி இருக்கு. அங்க உக்கார இடமே கிடையாது. ஒரே வெயில்.

— தினம் ஓடற காலுக்கு ஒரு நாள் நிக்கத் தெரியாதா? போடி.

— வேண்டாம்னா வேண்டாங்கக்கா.

— ஓ.

— கோவமாக்கா?

— கோவம் எதுக்கு. எனக்கே தோணியிருக்கணும். அங்க ஆபீசருங்க வருவாங்க. ஆம்பளைச் செருப்பை மாட்டிக்கிட்டு, நொண்டிக்கிட்டு, உடம்பெல்லாம் பினாயில் நாத்தத்தோட ஒருத்தி வந்து நின்னு ‘இவ எங்க பொண்ணு’ன்னா உனக்கு வெக்கமாத்தான் இருக்கும்.

— அய்யோ, அப்படி இல்லக்கா. என் பொண்ணு மேல சத்தியமா அப்படி இல்ல.

— பின்ன எப்படி?

— வெக்கம்தான். ஆனா உங்களால இல்ல.

— மூலையை விட்டுட்ட பாரு, தரையில புரளுது. எடு அதை. கிட்ட வா. இன்னும் வா. இப்ப முகத்தைப் பாத்துச் சொல்லு.

— நான் அங்க போறதே இல்லக்கா.

— எங்க?

— பஸ் பழகற எடத்துக்கு. முதல் மாசம் போனேன். அதுக்கப்புறம் போகல.

— இந்த முனையைச் சேத்துப் பிடி.

— ஏதாவது சொல்லுங்கக்கா.

— மடிப்பை முடி முதல்ல. முடிச்சியா? வை அங்க. டிரம்முக்கு நடுவுல நிறுத்தினது?

— பொய்.

— மாஸ்டர் உன்னை மெச்சிக்கிட்டு எல்லாரையும் கைதட்டச் சொன்னது?

— அதுவும்தான்.

— அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் படுத்தபடியே கைதட்டினார்டி.

— அக்கா…

— யாராவது ஏதாவது சொன்னாங்களா? சிரிச்சாங்களா? அந்த மாஸ்டர் கை நீட்டினானா? மறைக்காம சொல்லு, நான் வந்து கேக்கறேன்.

— யாரும் ஒண்ணும் பண்ணலக்கா. அப்படி ஏதாவது நடந்திருந்தா சொல்லிக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். நல்ல மனுஷன் அவர். முதல் நாள் உக்கார வச்சு, ‘கீழ பாக்காத, தூரமாப் பாரு’ன்னார். அவ்வளவு உசரத்துலேர்ந்து பாத்தா ஆளுங்க தலையெல்லாம் கீழ போகுது. என்னை அண்ணாந்து பாக்காம ஒருத்தர் ரோட்டைத் தாண்டலக்கா. ஸ்டியரிங் என் ரெண்டு கையும் சேத்த அகலம். அதை வளைச்சு வண்டி அந்தப் பக்கம் திரும்பினப்ப, நான்தான் திருப்பினேன்னு எனக்கே நம்பிக்கை வரல. அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

— அப்புறம் என்ன கேடு வந்துது?

— ஒரு நாள் மழை. மழை விடட்டும்னு கிழிசல் மூட்டை போடற ரூம்ல ஒதுங்கினேன். மூட்டை மேல சாய்ஞ்சேன். முழிச்சா எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருக்காங்க.

— அது ஒரு நாள். மழை தினமா பெய்யுது?

— மறுநாள் வெயில்தான். அன்னைக்கும் அந்த ரூமுக்குத்தான் போனேன்.

— கிழிசல் ரூம்னா, இதோ, நம்ம ரோலருக்குப் பின்னால இருக்கற ரூமா?

— அதேதான். சுவர் எப்பவும் கதகதன்னு இருக்கும்.

— வீட்டுல உன்னைத் தூங்க விடறதில்லையா?

— வீட்டுல எப்பவும் யாராவது கூப்பிடறாங்கக்கா. அம்மாங்கறா, ஏய்ங்கறார், மாமியார் கட்டில்லேர்ந்து தட்டைத் தட்டறாங்க. இங்க வந்தா டிரைவரம்மா. நான் எங்க இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாத ஒரு மணி நேரம் எனக்கு அது ஒண்ணுதான். முதல்ல எல்லாம் நாளைக்குக் கட்டாயம் போயிடணும்னு நினைச்சுக்கிட்டுதான் படுப்பேன். அப்புறம் நினைக்கறதையும் விட்டுட்டேன். ஆசை போகலக்கா. பஸ்ஸு போனா இப்பவும் அது திரும்பி மறையற வரைக்கும் நின்னு பாக்கறேன். எழுந்து போகத்தான் முடியல.

— சுவருக்கு அந்தப் பக்கம்தானே நான். சத்தம் கேட்டிருக்குமே.

— கேக்கும்க்கா.

— என்ன கேக்கும்?

— உங்க செருப்பு. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஓடறது. அப்புறம் திரும்பி வர்றது. மறுபடி ஓடறது.

— கேட்டுக்கிட்டு?

— முதல்ல காதைப் பொத்திக்குவேன்.

— அப்புறம்?

— அப்புறம் அந்தச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வந்துதுக்கா.

— நீயெல்லாம் மனுஷியாடி?

— திட்டுங்கக்கா.

— திட்டி என்ன ஆகப் போகுது. ரோலர்ல ஒருத்தி தனியா நிக்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் துணியை உள்ள விடணும். அது அந்தப் பக்கம் வெளிய வந்து தரையில விழறதுக்குள்ள சுத்தி ஓடிப் பிடிக்கணும். விழுந்தா மறுபடி வெளுக்கப் போடணும், சூப்பர்வைசர் கத்துவார். ‘துணி குறையாம வந்தா சரி, நீங்களே என்னமோ பண்ணிக்கோங்க’ன்னுதானே உன்னை விட்டார்? குறையாமக் காட்டினேன்டி நாலு மாசமா. சூடு பட்டுது, சொல்லல. கால் பிசகுச்சு, சொல்லல. போகலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அந்தப் பக்கம் நின்னிருப்ப, நான் இந்தப் பக்கம் நின்னிருப்பேன். ரெண்டு பேருக்குமே கால் மிஞ்சியிருக்கும்.

— தினம் காலையில சொல்லிடணும்னுதான் வருவேன். நீங்க முதல் வேலையா ‘நேத்து என்ன ஓட்டின?’ன்னு கேப்பீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா… ஏதாவது ஒண்ணை ஓட்டிடுவேன்.

— நாளைக்கு என்ன பண்றதா இருந்த? தேதி குடுத்திருக்காங்களே.

— அது சேந்தப்பவே குடுத்த தேதி. நாளைக்கும் அந்த ரூம்ல இருந்துட்டு, சாயங்காலமா வந்து பெயிலாயிட்டேன்னு சொல்றதா இருந்தேன்.

— வீட்டுல?

— அங்கயும் அதேதான். என் பொண்ணு நாற்காலியெல்லாம் வரிசையாப் போட்டு, ‘எங்க அம்மா பஸ்ஸு, இடிக்காம ஏறுங்க’ங்கறா. அவளுக்கும் அதையேதான் சொல்லணும்.

— அவர்கிட்ட நான் என்னத்தடி சொல்லுவேன்?

— நானே வந்து அவர் கால்ல விழுந்து சொல்றேன்க்கா.

— அவர் காலை விடு. உணர்ச்சியே இல்லாத காலு. என் காலைப் பாரு.

— பாத்துட்டேன்க்கா. காலையிலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னையிலேர்ந்து கடைசி மணி நேரம் நீங்க ஸ்டூல் போட்டு உக்காருங்க. ரெண்டு பக்கமும் நான் ஓடறேன். உங்க கால் நல்லானாலும் நான்தான் ஓடுவேன். நீங்க எனக்காக ஓடினதையெல்லாம் ஓடித் தீத்துடறேன்.

— தீத்துடுவியா?

— தீத்துடுவேன்க்கா. அந்த ரூம் பக்கமே போக மாட்டேன்.

— சொல்றேன் கேளு. வாட்சை வச்சுக்கிட்டு எதுக்கு நின்னார்னு கேட்டியே. ரோலருக்கு ரெண்டு ஆள் வேணும்னுதான் இத்தனை வருஷமா எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தாங்க. ஒரு ஆளே போதும்னு நாலு மாசமா ஓடி ஓடிக் காட்டினது யாரு? நான்தான். இன்னைக்குக் காலையில உள்ள கூப்பிட்டார். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இனிமே, யார் போறதுன்னு நீயே சொல்லிடுன்னார்.

— அக்கா, உங்க பேரைக் குடுத்துட்டீங்களா? எனக்காகவா? இப்பவே போய் மாத்திச் சொல்லுங்கக்கா, உங்களைக் கும்பிடறேன்.

— என் பேரை நான் எதுக்குடி குடுக்கணும்? படுத்திருக்கற மனுஷனுக்கு யார் சோறு போடறது? அவளுக்கு நாளைக்கு டெஸ்ட், பஸ்ஸு காத்துக்கிட்டிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே உன் பேரைக் குடுத்தேன், சூப்பர்வைசர் அதை அப்பவே மேல அனுப்பிட்டார், மாசம் முடிஞ்சா உனக்கு இங்க வேலை இல்ல. எனக்கு நீ தர வேண்டிய நாலு மாசத்து மணி நேரம் மட்டும் பாக்கி அப்படியே நிக்குது.