ஜெஸ்பினுக்கென்று ஒரு நாள்

இரணியலில் இருந்து முட்டம் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்தான். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் இருட்டும் முன் திரும்பிவிடலாம். என் இளையவள் ஜெஸ்பினுக்குக் கடல் பிடிக்கும். ஆறு மாதமாக வாரம் தவறாமல் கூட்டிப்போனேன்.

அது மூத்தவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொன்ன யோசனை. மூத்தவன் ரிஜோவுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடமாக அவன் காதுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கதவை உடைக்கப் போனால் நான் அவனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பத்து வயது ஜெஸ்பின் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். "அவளையும் கவனிங்க. வாரத்துல ஒரு நாளாவது அவளுக்குன்னு மட்டும் குடுங்க" என்றார் டாக்டரம்மா. நியாயமான பேச்சு. அந்த நேரத்தில் ரிஜோவை யாரிடம் விடுவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. என் கணவர் ஜேசுதாஸ் மஸ்கட்டில் இருக்கிறார். ஒருமுறை துணைக்கு வந்த நாத்தனார் நெற்றியில் தையலோடு திரும்பிப் போனாள்.

அதனால் சனிக்கிழமைகளில் அவனுடைய தூக்க மாத்திரையைப் பொடித்து மத்தியானச் சோற்றில் கலந்தேன். எழுதிக்கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட.

"அண்ணன் எப்போ எழும்புவான்?" என்று ஜெஸ்பின் கேட்பாள்.

"நாம வந்த பொறவுதான் மக்கா."

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது.

சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டுவிழாவில் அவளுக்கு வேத வசனம் ஒப்புவிக்கும் போட்டி. போன வருடம் ரிஜோ சபை நடுவே எழுந்து நின்று கத்தினான். பாதி வசனத்தில் இறங்கி ஓடியவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. இந்த முறை அவன் எழும்பவே கூடாது என்று மாத்திரையைக் கூட்டினேன். எத்தனை என்று எண்ணவில்லை.

வண்டிச்சாவி எடுக்க உள்ளே வந்தபோது பார்த்தேன். உதடு கறுத்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம், போன் கையில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அந்த நாளும் ரிஜோவுடையதாகியிருக்கும். வெளியே ஜெஸ்பின் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தினேன்.

அவளுக்கு முதல் பரிசு. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு சொல் தட்டவில்லை. "வீட்டுக்குப் போவோம்மா" என்றாள். நான்தான் முட்டத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

நாங்கள் வந்தபோது ரிஜோவின் உடம்பு குளிர்ந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். என் மகனைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெஸ்பினை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். அடக்கம் முடிந்த நாளில் இருந்து அவளே உலை வைத்து, அவளே போட்டுச் சாப்பிடுகிறாள். நான் எடுத்துக் கொடுத்தால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பத்து வயதில் அப்படி ஒரு பொறுப்பு.