கொழும்பா, கண்டியா

டயகமவிலிருந்து அட்டனுக்குப் போகும் காலை பஸ். லிந்துலை தாண்டியும் மூடுபனி விலகவில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு மருத்துவம் படிக்கும் அளவுக்குப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போட்டு விண்ணப்பிப்பது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

“கொழும்பையே முதல்ல போடு. அதுதான் பெரிய கெம்பஸ்னு ஒங்க ஸ்கூல் சேரும் சொன்னாரு.”

“கண்டியப் போடச் சொல்லி அக்கா சொல்றாம்மா.”



“அக்கா மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசமாச்சு, புள்ள.”

“தெரியும்மா. நம்ம லயத்து வீடுங்க மேல மலை சரிஞ்சப்ப நானும் அங்கதானே நின்னேன்.”

“பொறகு எப்புடிச் சொன்னா?”

“எப்பயும் போலத்தான். கண்டின்னா அவளும் கூட வருவாளாம். கொழும்பு வரைக்கும் அவளால வர முடியாதாம்.”

மகள் இதைச் சாதாரணமாக, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். 

“எங்கிட்ட மட்டும் ஏன் ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறா?”

“பேசுறாம்மா. நீங்கதான் திரும்பியே பாக்க மாட்டேங்கிறீங்க.”

தாய் மெல்லத் திரும்பினார். அவர் பார்வை என்னைத் தாண்டி, என் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த இருக்கையில் போய் நின்றது.

“குளிருதா ஒனக்கு?” என்று அங்கே பார்த்துக் கேட்டார். “சரி. கண்டியவே போடுறோம்.”